காலையில் கெட்டதைச் சொல்லும் கிடங்கு

கல்மண்டபம், ராயபுரம்
பிரபவ வருஷம் ஐப்பசி மாதம், செவ்வாய்க்கிழமை

மகாராஜராஜஸ்ரீ ஏகாம்பர மாமா அவர்கள் சமூகத்துக்கு, மருமகன் கிருஷ்ணப்பன் சாஷ்டாங்கமாக விழுந்து எழுதிக்கொண்டது. தாங்கள் விழுந்த மாதிரி அல்ல, மரியாதைக்கு விழுந்தது.

இவ்விடம் நானும் அம்மாவும், கிடங்கும், கிடங்கிலுள்ள அரிசியும், அரிசியிலுள்ள எலிகளும் க்ஷேமம். அவ்விடம் தாங்கள், அத்தை, தங்கள் முழங்கால், அதற்குக் கட்டுப் போடும் சித்தூர் வைத்தியர் எல்லாருடைய க்ஷேமத்தையும் தனித்தனியாக எழுத வேண்டியது.

தங்கள் கார்டு கிடைத்தது. அதில், "ஹபீபுல்லா மேஸ்திரியை மாதக் கடைசிக்குள் அனுப்பிவிடு. ஆட்கள் அவனை நம்புகிறார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். ஆட்கள் நம்புகிற மேஸ்திரி என்றைக்காவது ஆட்களையும் ஓட்டிக்கொண்டு எதிர்க் கிடங்குக்குப் போய்விடுவான். அப்புறம் நீயும் நானும்தான் மூட்டை தூக்க வேண்டும்" என்று கட்டளையிட்டிருக்கிறீர்கள். போன கடிதத்தில் நான் அவரைப் பாராட்டி எழுதினேன். பாராட்டியே ஒரு மனுஷன் பிழைப்புக்கு உலை வைத்தவன் இந்தத் தெருவில் நான் ஒருவன்தான் இருப்பேன். அவரை அனுப்பினால் கிடங்கு உருப்படாது என்பது என் எண்ணம். அதைத் தாங்கள் நம்பும்படி எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, ஏனென்றால் யாரையும் நம்புகிற வழக்கமே தங்களுக்குக் கிடையாது. ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கோபம் வந்தால் காலை மட்டும் உதற வேண்டாம், கட்டு அவிழ்ந்துவிடும்.

முதலில் தங்கள் முழங்கால் விஷயம். வண்டிக்கும் கிடங்கு வாசலுக்கும் நடுவில் போட்டிருந்த நடைப்பலகை தாங்கள் கால் வைத்ததும் இரண்டாகப் போனதை அத்தை தெய்வக் குற்றம் என்றாள், அம்மா கண்திருஷ்டி என்றாள், தாங்கள் எதிர்க் கிடங்குக்காரன் செய்வினை என்றீர்கள். அந்தப் பலகை விரிசல் விட்டிருந்தது தங்களையும் என்னையும் தவிர அத்தனை பேருக்கும் தெரியும் மாமா. மூட்டை தூக்குகிற வியாசர்பாடி ஜெயவேலுக்குத் தெரியும், கிழிந்த கோணி தைக்கிற பூவம்மாவுக்குத் தெரியும், வண்டி மாட்டுக்கே தெரிந்திருக்கும். ஆனால் 'இது உடைந்திருக்கிறது' என்று எவன் சொல்கிறானோ அவன்தான் உடைத்தவன், அவனுக்கு அபராதம் என்பது தாங்கள் ஏற்படுத்தி, பழைய மேஸ்திரி பக்தியோடு நடத்திவந்த சட்டம். அதனால் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு விரிசலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கால் வைத்துப் பழகிக்கொண்டார்கள். அப்படிக் கால் வைக்கத் தெரியாமல் ஏறியவர் முதலாளி ஒருவர்தான். பழைய மேஸ்திரி அன்றைக்கே கம்பி நீட்டிவிட்டான். தாங்கள் சித்தூருக்கு ரயில் ஏறின மறுநாள் தண்டையார்பேட்டை ஹபீபுல்லா வந்து சேர்ந்தார்.

அவரை அடக்கமான மனுஷர் என்று நினைத்துவிட வேண்டாம். தலைப்பாகை கட்ட ஒரு நேரம், அது சரியாக இருக்கிறதா என்று நாலு பேரைக் கேட்க ஒரு நேரம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் தன்னைப்போல ஒரு மேஸ்திரி கிடையாது என்று தானே சொல்லுவார், நம்பாதவர்களுக்கு இன்னொரு தடவையும் சொல்லுவார். வந்த அன்றைக்கு வேலையைத் தொடங்காமல் எல்லாரையும் மூட்டைகள் மேல் உட்காரவைத்து, பெரிய கெட்டிலில் டீத்தண்ணி வரவழைத்து, "பல்கை ஒடிஞ்சி கீதுன்னு அல்லாருக்கும் தெரிஞ்சி கீது. இன்னும் இன்னா இன்னா தெரியும் உங்களுக்கு? சொல்லுங்கபா. சொல்றவனுக்கு அவராதம் கெடையாது. சொல்லாம குந்தினு கீறானே, அவனுக்கு டீத்தண்ணி கெடையாது" என்றார். எல்லாரும் கணக்கு எழுதுகிற என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவரும் என்னைப் பார்த்து, "ரைட்டரே, நீ சித்த அப்பால போய் குந்து" என்றார். முதலாளியின் மருமகனை அப்பால போகச் சொன்ன முதல் மேஸ்திரி அவர்தான். நான் மூட்டை அடுக்குக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்தேன்.

கேட்டிருக்கக் கூடாது. பூவம்மா தொடங்கினாள்: கூரையில் ஓடு நகர்ந்து மூலை அடுக்கில் தண்ணீர் சொட்டுகிறதாம், கீழ் மூட்டைகள் முளைவிட்டுவிட்டனவாம். பிறகு ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு, பின்கதவுத் தாழ்ப்பாள் வெறும் அலங்காரம் என்றும், செவலை மாடு குளம்பு வெடித்து நொண்டுகிறது என்றும், தராசுச் சங்கிலியில் ஒரு வளையத்துக்குப் பதில் பூவம்மாவின் பழைய வளையல் போட்டிருக்கிறது என்றும் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஜெயவேல், "ரைட்டரு மத்தியானத்துல மூட்டை அடுக்கு உச்சில ஏறித் தூங்கறாரு. என்னிக்கினா உருண்டாருன்னா கீழ வேலை செய்றவன் கழுத்துமேலதான் வுழுவாரு" என்றான். அது அபாண்டம் என்று நான் வெளியே வந்து சொல்ல முடியவில்லை, வந்தால் ஒட்டுக்கேட்டது வெளிப்பட்டுவிடும். அந்த வாரத்துக்குள் ஓடு, தாழ்ப்பாள், குளம்பு, சங்கிலி எல்லாம் சரியாயிற்று. எனக்குத் தரையில் ஒரு கோரைப்பாய் போடப்பட்டது.

அத்தோடு விட்டாரா? தினமும் முதல் வண்டி வருவதற்கு முன்னால் வட்டமாக உட்கார்ந்து, "இன்னிக்கி இன்னா கெட்டுப்போவும்?" என்று ஆளாளுக்குக் கேட்பதை வழக்கமாக்கிவிட்டார். நம் வீட்டு வழக்கம் தங்களுக்குத் தெரியாததா? எண்ணெய் தீர்ந்துபோயிற்று என்று சொல்லக் கூடாது, நிறைந்துபோயிற்று என்று சொல்ல வேண்டும். விளக்கை அணை என்று சொல்லக் கூடாது, குளிரவை என்று சொல்ல வேண்டும். போகிறேன் என்று நான் சொன்னதற்காகத் தெருமுனையிலிருந்து திரும்பக் கூப்பிட்டு வருகிறேன் என்று சொல்லவைத்து அனுப்பியவள் என் அம்மா. அப்படி வளர்ந்த நான், நெற்றி விபூதி காய்வதற்கு முன்னால் கயிறு அறும், மாடு படுத்துக்கும், அடுக்கு சரியும், மழை ஊத்தும், ஜெயவேலுக்கு இடுப்பு பிடிச்சிக்கும் என்று காதால் கேட்க வேண்டியதாயிற்று. தோஷம் போகட்டும் என்று கிடங்கு மூலையில் ரகசியமாகச் சூடம் கொளுத்திவந்தேன். அதுவும் ஒருநாள் வட்டத்தில் வந்தது: "ரைட்டரு கொளுத்தற சூடத்துல கோணி பத்திக்கும்." சூடத் தட்டு அன்றைக்கே வாசலுக்கு வெளியே போயிற்று.

என் முறை வந்தபோது நான் கெட்டது எதையும் சொல்ல மாட்டேன் என்று, "எல்லாம் நல்லபடியாக நடக்கும்" என்றேன். பூவம்மா ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டே, "மொதலாளி பல்கைமேல ஏறும்போதும் நீ இத்தத்தான சொன்ன" என்றாள். அதற்கப்புறம் நானும் தினம் ஒரு கெட்டது சொல்லிவருகிறேன். எனக்கு நன்றாகவே வருகிறது. எல்லாருக்கும் ஒரே கெட்டிலிலிருந்துதான் டீத்தண்ணி, அதையும் குடித்துவிட்டேன். அத்தைக்குச் சொல்ல வேண்டாம்.

இதில் இன்னொரு ஏற்பாடு உண்டு. கெட்டதைச் சொன்னவன் தலையிலேயே அந்த வேலையைக் கட்டிவிட்டால் மறுநாள் எவன் சொல்லுவான்? அதனால் சொன்னவரும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் சேர்ந்துதான் அதைப் பார்க்க வேண்டும். பூவம்மாவும் ஜெயவேலும் எதற்கோ சண்டை போட்டு, எதற்கு என்பதை இரண்டு பேருமே மறந்து, சண்டையை மட்டும் மறக்காமல் முகம் பார்க்காமலே இருந்தவர்கள். தார்ப்பாய் கிழிந்திருக்கிறது என்று அவள் சொல்ல, பக்கத்தில் அவன் உட்கார்ந்திருக்க, இரண்டு பேரும் ஆளுக்கொரு முனை பிடித்துத் தைத்தார்கள். காலையில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள், மத்தியானம் இரண்டு பேரும் சேர்ந்து தார்ப்பாய் விற்றவனைத் திட்டினார்கள், சாயங்காலம் அவள் கொண்டுவந்த கருவாட்டில் அவனுக்குப் பங்கு கிடைத்தது.

ஆனால் ஜெயவேலால் ஒரு பேஜாரும் வந்தது. ஒருநாள் காலை அவன், "பக்கத்து மொளகா மண்டி கப்பிக் கயிறு நைஞ்சி கீது. இன்னிக்கி அறும், நம்ப வண்டிமேல வுழும்" என்றான். மேஸ்திரி உடனே நம் வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொல்லிவிட்டு, மண்டிக்கார லியாகத் அலி சாயபுவிடமும் போய்ச் சொன்னார். சாயபு, "காலங்காத்தால வந்து அச்சானியமா பேசறியே, உன் வேலையப் பாரு" என்று அனுப்பிவிட்டார். உச்சிப்பொழுதில் கயிறு அறுந்தது. மிளகாய் மூட்டை நம் வண்டி நின்றிருக்க வேண்டிய இடத்தில் விழுந்து வெடித்துக் காற்றில் கலந்தது. கல்மண்டபமே எழவு விழுந்த வீடு மாதிரி கண்ணீர் விட்டது. தும்மிக்கொண்டே நாலு பேரோடு வந்த சாயபு, "கயிறு தானா அறலை, உங்க ஆளு நாக்குதான் அறுத்துச்சி. அவனுக்குக் கருநாக்கு" என்று ஜெயவேலை அடிக்கப் பாய்ந்தார். மேஸ்திரி நடுவில் நின்று, "அறும்னு சொன்னது அவன் நாக்கு, அறுந்தது உன் கயிறு. ரெண்டுல எத்த மாத்தணும் சொல்லு தோஸ்து" என்றார். சாயபுவுக்குத் தும்மல்தான் வந்தது.

மறுநாளிலிருந்து கிடங்கு வாசலில் ஜனம் நிற்க ஆரம்பித்துவிட்டது. கருநாக்குக்காரனைப் பார்க்கத்தான். கோவிந்தம்மா என்று ஒருத்தி தேங்காய் பழத்தோடு வந்து தன் வீட்டுச் சொந்தக்காரனைப் பற்றி இரண்டு வார்த்தை கெட்டதாகச் சொல்லும்படி கேட்டாள். கோட்டுப் போட்ட ஒருவர் கிண்டி பந்தயத்தில் எந்தக் குதிரை தோற்கும் என்று சொல்லச் சொன்னார், ஜெயிப்பதைத் தாமே கண்டுபிடித்துக்கொள்வாராம். ஜெயவேல் தேங்காயை வாங்கிக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டான். மேஸ்திரி யாரையும் திட்டவில்லை. நம் கயிற்றிலிருந்து நல்லதாக ஒன்றை எடுத்து ஜெயவேல் தோளிலேயே போட்டு, சாயபுவின் மண்டிக்குக் கூட்டிப்போய், அவன் கையாலேயே கப்பிக்குப் புதுக் கயிறு கோக்கவைத்தார். அன்றோடு கருநாக்கும் போயிற்று, தேங்காய் வரும்படியும் போயிற்று. சாயபு இப்போது தினம் காலையில் தாமே நாற்காலி எடுத்துக்கொண்டு வந்து நம் வட்டத்தில் உட்கார்ந்து கெட்டது சொல்கிறார். நல்ல வார்த்தை ஒன்று காதில் விழ வேண்டுமென்றால் நான் ராயபுரம் ஸ்டேஷன் வரைக்கும் நடக்க வேண்டியிருக்கிறது.

இனி போன வியாழக்கிழமை. தங்கள் ரங்கூன் அரிசி ஹார்பரில் இறங்கின நாள். அதற்கு முன்னால் இன்னொரு வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், பல்லைக் கடிக்காமல் படிக்கவும். வாரத்தில் ஒருநாள்தான் ஹபீபுல்லா மேஸ்திரி வேலை பார்ப்பார். மற்ற நாளெல்லாம் முறை வைத்து ஆளுக்கு ஒருநாள் மேஸ்திரி. அன்றைக்கு அவரும் மற்றவர்களோடு மூட்டை தூக்குவார், சொன்னதைக் கேட்பார். வியாழக்கிழமை பூவம்மா முறை. ரங்கூன் அரிசி வருகிற நாளில் கோணி தைக்கிறவளா மேஸ்திரி என்று நான் வாதாடினேன். "நல்ல நாளு பாத்து குடுத்தா அதுக்குப் பேரு முறை இல்ல ரைட்டரே, தர்மம்" என்றார். முந்தின நாள் வட்டத்திலேயே, வண்டிகள் வரும்போது ரயில் கேட் சாத்தியிருந்து மழையும் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்று பேச்சு வந்தது. மழை இல்லை என்று நான் பஞ்சாங்கத்தைக் காட்டினேன். பஞ்சாங்கத்தை மரியாதையாகப் பார்த்துவிட்டு, வண்டிக்கு ஒரு தார்ப்பாய் மடித்து வைத்தார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் சாயபுவுக்கு ஒரு காலிக் கொட்டகை இருந்தது, அதன் சாவியையும் வாங்கி வைத்தார்கள்.

கேட் சாத்தியிருந்தது. கூட்ஸ் வண்டி குறுக்கே நின்று எங்கேயும் போவதாக இல்லை. மழை கொட்டியது. நம் வண்டிகளுக்கு முன்னும் பின்னும் எதிர்க் கிடங்கு வண்டிகள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடி, "வண்டியைத் திருப்புங்கள், ஹார்பருக்குத் திருப்புங்கள்" என்று கத்தினேன். அந்தச் சந்தில் வண்டியைத் திருப்பினால் குடைசாயும் என்பது எனக்குத் தோன்றவில்லை. குடைசாய்ந்தது நான்தான். சாக்கடையில் இடுப்பளவு இறங்கிவிட்டேன், குடை காசிமேட்டுப் பக்கம் போயிற்று. பூவம்மா, "ரைட்டர எடுத்து ஓரமா வெய்யி. அரிசியப் பாருங்க" என்றாள். எடுத்து ஓரமாக வைத்தார்கள். அப்புறம் கூச்சல் குழப்பம் இல்லை. தார்ப்பாய்கள் விரிந்தன, கொட்டகை திறந்தது, ஒவ்வொரு வண்டியாக உள்ளே போயிற்று. ஒரு வண்டிச் சக்கரம் சேற்றில் இறங்கிக்கொள்ள, ஹபீபுல்லா அருமைத் தலைப்பாகையை அவிழ்த்துச் சக்கரத்துக்கு அடியில் திணித்துவிட்டுத் தோள் கொடுத்தார். "அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம் தள்ளு" என்று பூவம்மா அதட்டினாள். "சரி மேஸ்திரி" என்று இந்தப் பக்கம் வந்தார்.

அப்போதுதான் அரிசி வாங்குகிற புரோக்கர் வந்து இங்கே மேஸ்திரி யார் என்று கேட்டார். "இன்னிக்கி நானு. இன்னா ஓணும்?" என்றாள் பூவம்மா. அவர் சந்தேகத்தோடு ஹபீபுல்லாவைப் பார்த்தார். முகமெல்லாம் சேறாக இருந்தவர், "என் முறை சனிக்கெழமைதான். பேசறத அம்மாகிட்ட பேசு" என்றார். எதிர்க் கிடங்கு அரிசி கேட்டண்டையே பாதிப் பொங்கலாகிவிட்டது. நம் அரிசி ஒரு மணி நனையவில்லை. கொட்டகையில் முன்பு மிளகாய் போட்டிருந்ததால் புரோக்கர் மட்டும் தும்மித் தும்மிச் சரக்கை ஒப்புக்கொண்டார்.

மாமா, சாக்கடையோரம் உட்கார்ந்து ஒன்று பார்த்தேன். முன்னெல்லாம் மூட்டை தூக்குகிறவன் ஒவ்வொருவனும் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்ப்பான், தூக்கிவிடுகிறவன் கையை விட்டுவிடுவானோ, மேஸ்திரி எங்கே நிற்கிறானோ என்று. அன்றைக்கு ஒருவன்கூடத் திரும்பிப் பார்க்கலை மாமா. பின்னால ஆள் இருக்கான்னு அவனவனுக்குத் தெரிஞ்சிருந்தது. எனக்கு அழுகை வந்துடுச்சு. கேட்டவங்ககிட்ட மழைன்னு சொல்லிட்டேன். இப்படி ஒரு ஆளை நாம தேடிப் போனாலும் கிடைக்காது. வாத்தியார் கிட்டக் கத்துக்காததை இவர்கிட்டக் கத்துக்கிட்டிருக்கேன். அவரை அனுப்பச் சொல்லாதீங்க. அனுப்பித்தான் ஆகணும்னா என்னையும் சேர்த்து அனுப்பிடுங்க, இப்படித் துணிச்சலா ஒரு வரி எழுதினேன்னு அவர்கிட்ட சொல்லிக் காட்டணும்.

அத்தைக்கு என் நமஸ்காரம். சித்தூர் வைத்தியருக்கு என் வந்தனம். தங்கள் முழங்காலுக்கு என் ஆசீர்வாதம், வயதில் சிறியவன் ஆசீர்வதிக்கக் கூடாது என்றால் அதையும் நமஸ்காரமாகவே எடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் கட்டளையை நிறைவேற்றாத, மற்றபடி கீழ்ப்படிந்த மருமகன்,
கிருஷ்ணப்பன்

பின்குறிப்பு: மேலே எழுதியதெல்லாம் வீண். தபாலில் போடுவதற்கு முன்னால் ஹபீபுல்லாவே வந்து, தான் கிளம்புவதாகச் சொல்லிவிட்டார். எண்ணூரில் அவர் மகள் சாபிராவுக்குப் பிரசவ காலம், மருமகனின் உப்புப் படகு வேலையையும் பார்க்க ஆள் இல்லை, இனி அங்கேயே இருக்க வேண்டும் என்று சம்சாரம் அஜீசுன்னிசா உத்தரவாம். "வூட்டு மேஸ்திரிக்கு முறை மாத்தறதே கெடையாது ரைட்டரே, அல்லா நாளும் அவதான்" என்றார். தாங்கள் எழுதியதை மனதில் வைத்து, எத்தனை ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்டேன். அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "ஆளுங்கள நான் இட்டுகினு பூட்டா இங்க வேலை யாரு செய்வா? அதுக்கா இம்மாம் நாளு தொண்டை கிழிய கத்துனேன்?" என்றார். புதுத் தலைப்பாகையும் கையில் ஒரு மூட்டையுமாக, வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, தனியாகப் போனார். நான் கேட் வரைக்கும் கூடப் போனேன். அன்றைக்கு மழை இல்லை, அழுததற்குக் காரணம் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலையில் நான் பயந்துகொண்டேதான் போனேன். எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், டீத்தண்ணியும் வந்திருந்தது. இன்றைக்கு என்ன கெட்டுப்போகும் என்று ஜெயவேல் கேட்டான். பூவம்மா, "மொதலாளி கால் சரியாயி திரும்பி வந்துடுவாரு" என்றாள். அதைப் பற்றி எல்லாரும் வெகு நேரம் பேசினோம். தங்களுக்கு ஸ்டேஷனில் வண்டி நிற்கும், வாசலில் புதுப் பலகை போட்டாயிற்று, வட்டத்தில் சாயபு தம் நாற்காலியைத் தங்களுக்கு விட்டுக்கொடுக்கிறார். வந்த அன்றைக்குத் தங்கள் முறை வராது, பயப்பட வேண்டாம்.